கோப்பு நகரும் வழி: பணிப்பாய்வு மென்பொருள் வளர்ந்த கதை

ஒரு விண்ணப்பம் அலுவலகத்துக்குள் வந்ததும் எந்தெந்த மேசைகளைக் கடக்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று வகுத்து, அது அந்த வழியில் போகிறதா என்று பார்த்துக்கொள்வதே வணிகச் செயல்முறை மேலாண்மை மென்பொருளின் வேலை. வங்கிக் கடன், காப்பீட்டு இழப்பீடு, கொள்முதல், விடுப்பு, வாடிக்கையாளர் புகார் என எதையும் இதற்குள் கொண்டுவரலாம். வரைபடம் சிறியதாக இருக்கட்டும், விதிவிலக்குக்கு இடம் இருக்கட்டும், பாதி வழியில் இருக்கும் வேலைக்குப் புது விதியைத் திணிக்க வேண்டாம், நிலுவை கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று இத்துறையில் இன்று கற்பிக்கப்படும் நல்ல நடைமுறைகள் ஒரே நாளில் உருவாகவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சரிவராமல் போன ஒரு முயற்சி இருக்கிறது. அதனால் அந்த நடைமுறைகளைப் புரிந்துகொள்ள அவற்றின் வரலாற்றைப் படிப்பதே நேரான வழி.

கணினிக்கு முன்பே இந்த வேலையைத் தாளில் செய்து காட்டிய ஒரு முறை தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இருந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் பெயரால் அது டாட்டன்ஹாம் முறை எனப்பட்டது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் அதன் வழியில் வந்தது. அலுவலகத்துக்கு வரும் தபால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படும். அது பகிர்மானப் பதிவேட்டில் ஏறிப் பிரிவு எழுத்தரிடம் போகும். எழுத்தர் அதைத் தம் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்வார். தாள் யாருக்கு அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பியது, இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஒரே வரிசையில் வரும். கண்காணிப்பாளரும் அலுவலகத் தலைவரும் தன்பதிவேட்டைக் குறித்த இடைவெளியில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கோப்புக்குள் குறிப்புப் பகுதி தனி, கடிதப் போக்குவரத்து தனி. முடிந்த கோப்புக்கு ஆயுளும் உண்டு: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். இன்றும் அரசுக் கடிதங்களின் தலைப்பில் ந.க. எண் என்றும் ஓ.மு., மூ.மு. என்றும் காணப்படும் குறிகள் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தவை.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. ஓர் எண், ஒரு நடவடிக்கை, ஒரு தேதி என்ற மூன்றையும் வேலை செய்பவரே அன்றாடம் எழுதியதால், தாளின் நிலையை அறிய வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை; பதிவேட்டைத் திறந்தால் போதும். குறைகளும் தாளின் குறைகளே. ஒரு கோப்பு ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்க முடியும். இரண்டு பிரிவுகளின் கருத்து தேவை என்றால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. எழுத்தர் விடுப்பில் போனால் கோப்பும் விடுப்பில் போகும். பதிவேடுகள் பலவற்றில் சிதறிக் கிடப்பதைக் கூட்டி, எந்த வகை வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று சொல்லவும் எளிதில் முடியாது. பின்னாளில் மென்பொருள் தீர்க்க முனைந்தது பெரும்பாலும் இந்தக் குறைகளைத்தான்.

வேலையின் வழியைப் படமாக வரையும் பழக்கம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொடங்கியது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறை வரைபடம் என்ற கருத்தை வைத்தனர். பொருள் எங்கே செய்யப்படுகிறது, எங்கே நகர்கிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்று குறியீடுகளால் வரைந்தால் வீண் அசைவுகள் தாமாகவே தெரியும் என்பது அவர்கள் வாதம். அதே சங்கம் 1947-இல் இந்தக் குறியீடுகளை ஐந்தாக நிலைநிறுத்தியது: செயல், நகர்வு, சோதனை, காத்திருப்பு, சேமிப்பு. காத்திருப்புக்கு ஒரு தனிக் குறியீடு கிடைத்ததை இந்த வரலாற்றின் முக்கியமான அடியாகக் கருத வேண்டும். வேலையை அளந்தவர்கள் பெரும்பாலும் கை அசைவதை அளந்தார்கள். கை அசையாமல் பொருள் கிடக்கும் நேரமும் அளக்கத் தக்கது என்று இந்தக் குறியீடு ஒப்புக்கொண்டது.

1930-களில் ஆலன் மோகென்சன் இந்த வரைகலையைத் தொழிற்சாலைப் பொறியாளர்களின் கையிலிருந்து மற்றவர்களுக்கும் கொண்டுபோனார். நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் அவர் நடத்திய பயிற்சிகளின் அடிப்படை, ஒரு வேலையை எப்படி எளிமையாக்கலாம் என்பது அதைச் செய்பவருக்கே நன்றாகத் தெரியும் என்பது. அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான பென் கிரஹாம் இந்த வரைபடத்தை அலுவலகத் தாள்களுக்குப் பொருத்தினார். ஒரு பொருளின் வழியை மட்டும் காட்டிய படம், ஒரே நேரத்தில் பல படிவங்களும் பிரதிகளும் செல்லும் வழிகளைக் காட்டும் படமாக விரிந்தது.

படத்தைக் கணினி புரிந்துகொள்ள அதற்குக் கணித உருவம் வேண்டியிருந்தது. ஜெர்மானியரான கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் வெளியான தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதைத் தந்தார். வட்டங்கள் நிலைகளைக் குறிக்கும், கட்டங்கள் செயல்களைக் குறிக்கும், வட்டத்துக்குள் இருக்கும் புள்ளி வேலை இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் குறிக்கும். ஒரு செயலுக்கு முந்தைய எல்லா வட்டங்களிலும் புள்ளி வந்து சேர்ந்தால்தான் அச்செயல் நடக்கும். பெட்ரி வலை எனப்படும் இவ்வளவு எளிய ஏற்பாட்டைக் கொண்டு, ஒரே நேரத்தில் பலர் செய்யும் வேலையையும் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதையும் துல்லியமாக எழுதிவிட முடிந்தது.

பெட்ரியின் வலைகளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் சிஸ்மன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் 1977-இல் முடித்த ஆய்வில், அலுவலக நடைமுறைகளை எழுதி இயக்கும் ஸ்கூப் என்ற முன்மாதிரியை அவர் விவரித்தார். அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கிளாரன்ஸ் எல்லிஸும் கேரி நட்டும் ஆஃபீஸ்டாக் என்ற அமைப்பை உருவாக்கினர். கணினித் திரையில் ஒரு படிவம்; அதை நிரப்பினால் அடுத்தவரின் வரவுத் தட்டுக்குப் போகும். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் எல்லிஸ். வேலை செய்யும் மனிதர்களின் பழக்கங்கள் மாறுவதற்கு ஏற்ப மென்பொருளும் மாற வேண்டும் என்ற ஆய்வில் அவர் பின்னர் நெடுநாள் ஈடுபட்டார்.

அந்த ஆய்வு மையத்திலேயே லூசி சுச்மன் என்ற மானுடவியலாளர் வேறொரு கேள்வியை எழுப்பினார். அலுவலகத்தில் நடைமுறை என்று எழுதி வைத்திருப்பதை ஊழியர்கள் உண்மையில் பின்பற்றுகிறார்களா? கணக்குப் பிரிவு ஒன்றில், பணம் தரவேண்டிய நாள் கடந்துவிட்ட ஓர் இன்வாய்ஸை ஊழியர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று அவர் கூர்ந்து கவனித்தார். சில தாள்களைக் காணவில்லை. இருந்த தாள்களைக் கொண்டு என்ன நடந்திருக்கும் என்று பேசிப் பேசி ஊகித்து, பதிவுகளைச் சரிக்கட்டி, கடைசியில் விதிப்படி எல்லாம் நடந்தது போன்ற ஒரு கோப்பை அவர்கள் உருவாக்கினார்கள். 1983-இல் வெளியான அவர் கட்டுரையின் முடிவு இதுதான்: நடைமுறை சீராக ஓடியதாகத் தெரிவது ஊழியர்களின் உழைப்பால் கிடைத்த விளைவு, அந்த உழைப்பு நடைமுறை நூலில் எழுதப்பட்டிருக்காது. மென்பொருளை வடிவமைக்கப் போகிறவர் நடைமுறை நூலை மட்டும் படித்தால் வேலையின் பாதியைத்தான் பார்ப்பார். இந்தக் கட்டுரை வந்தபோதே மென்பொருள் செய்வோர் இதை எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த பதினைந்து ஆண்டுகளின் பல இழப்புகள் தவிர்ந்திருக்கும்.

சந்தையில் வென்றது வேறு வழி. கலிஃபோர்னியாவில் 1982-இல் தொடங்கப்பட்ட ஃபைல்நெட், தாள்களை ஸ்கேன் செய்து ஒளித்தட்டில் சேமித்து, அந்தப் படங்களை ஊழியர்களின் திரைகளுக்கு வரிசைப்படி அனுப்பும் அமைப்பை விற்றது. ஆலன் டிரெஃப்லர் 1983-இல் தொடங்கிய பெகாசிஸ்டம்ஸ் வங்கிகளின் வாடிக்கையாளர் விசாரணைகளைக் கையாளும் மென்பொருளோடு வளர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் முதலில் வாங்கின. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது. கிடங்கில் தேடும் நேரம் ஒழிந்தது. ஆனால் தாள் போன வழியிலேயே படமும் போனது. எட்டு மேசைகள் கடந்த தாள் எட்டுத் திரைகளைக் கடந்தது.

இந்த இடத்தில்தான் மைக்கேல் ஹாமர் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இடிபோல் இறங்கியது. இருக்கிற வேலையைக் கணினிமயமாக்க வேண்டாம், தேவையில்லாததை ஒழித்துக் கட்டுங்கள் என்றார் அவர். அவர் எடுத்துக்காட்டிய ஃபோர்டு நிறுவனத்தின் கதை இன்றும் பாடத்தில் உள்ளது. ஃபோர்டின் வட அமெரிக்க அலுவலகத்தில், பொருள் விற்றவர்களுக்குப் பணம் தரும் பிரிவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். வேலையைச் சீராக்கிப் புதிய கணினிகளை வைத்தால் 400 பேராகக் குறைக்கலாம் என்று நிர்வாகம் கணக்கிட்டது. பிறகு மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு ஐந்து பேர். மாஸ்டா சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த வேறுபாடு அளவால் வந்ததாக இருக்க முடியாது.

ஃபோர்டில் கொள்முதல் ஆணையின் பிரதி ஒன்று, சரக்கு வந்ததற்கான தாள் ஒன்று, விற்றவர் அனுப்பும் இன்வாய்ஸ் ஒன்று என மூன்றும் ஒரு மேசைக்கு வரும். அவற்றில் 14 விவரங்கள் பொருந்தினால்தான் பணம். பெரும்பாலும் பொருந்திவிடும், ஆனால் பொருந்தாத சிலவற்றைத் துருவுவதிலேயே ஊழியர்களின் நேரம் போயிற்று. ஃபோர்டு இன்வாய்ஸையே நீக்கிவிட்டது. கொள்முதல் பிரிவு ஆணையைத் தரவுத்தளத்தில் பதியும். சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருப்பவர் திரையில் பார்ப்பார். ஆணையோடு பொருந்தினால் ஏற்றுக்கொள்வார், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார். ஏற்றதும் பணம் தானாகப் போகும். ஒப்பிட வேண்டிய விவரங்கள் மூன்றாகக் குறைந்தன. அப்பிரிவில் ஆட்கள் 75 சதவீதம் குறைந்தனர். இதில் பாடம் கணினியைப் பற்றியது மட்டும் இல்லை. பிழையைக் கடைசி மேசையில் கண்டுபிடிப்பதை விட்டு, அது நுழையும் இடத்திலேயே, முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஓர் ஆளை வைத்ததுதான் மாற்றம்.

ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-இல் வெளியிட்ட நூலில் உள்ள ஐபிஎம் கிரெடிட் நிறுவனத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஐபிஎம் கணினி வாங்குவோருக்கு அந்த நிறுவனம் கடன் தரும். விற்பனையாளர் தொலைபேசியில் கேட்டதும் ஒருவர் தாளில் எழுதுவார். அது கடன் தகுதி பார்ப்பவர், ஒப்பந்த விதிகளைத் திருத்துபவர், வட்டி நிர்ணயிப்பவர், கடிதம் எழுதுபவர் என்று ஒவ்வொருவராகப் போகும். சராசரியாக ஆறு நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம். அதற்குள் வாடிக்கையாளர் வேறு இடம் தேடிவிடலாம். விற்பனையாளர் கேட்டால் கோப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நிர்வாகம் ஒரு கட்டுப்பாட்டு மேசையை வைத்தது. ஒவ்வொரு பிரிவும் வேலை முடிந்ததும் கோப்பை அந்த மேசைக்கு அனுப்ப வேண்டும், அது பதிந்துகொண்டு அடுத்த பிரிவுக்கு அனுப்பும். கோப்பு எங்கே என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்தது. ஆனால் கடன் கிடைக்கும் நாள்கள் கூடின.

கடைசியில் இரண்டு மூத்த மேலாளர்கள் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவுக்கும் நடந்துபோய், கையில் இருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு இதை முடித்துத் தரச் சொன்னார்கள். மொத்த வேலையும் 90 நிமிடத்தில் முடிந்தது. ஆறு நாளில் மற்ற நேரமெல்லாம் மேசைக்கு மேசை காத்திருந்த நேரம். நான்கு வல்லுநர்களின் இடத்தில் ஒரே ஊழியரை முழு விண்ணப்பத்துக்கும் பொறுப்பாக்கி, அவருக்கு உதவக் கணினியைக் கொடுத்தார்கள். சிக்கலான விண்ணப்பங்களுக்கு மட்டும் வல்லுநர்கள் துணை. ஆறு நாள் நான்கு மணி நேரமானது. நிலையைக் காட்டும் ஏற்பாடு மட்டுமே வேலையை விரைவாக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. திரை முழுக்கக் குறியீட்டுப் படங்களோடு நிலுவைப் பலகைகளை விற்கும் நிறுவனங்களிடம் வாங்குவோர் முதலில் இந்தக் கட்டுப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹாமர் சொன்ன இந்த மாற்றத்துக்கு மறுசீரமைப்பு என்று பெயர்; அந்தப் பெயரில் அடுத்து நடந்தது அவ்வளவு நல்ல கதை அன்று. ஆட்களைக் குறைப்பதற்கு அது ஒரு சாக்காயிற்று. இக்கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட் 1995-இல், இந்த அலை மனிதர்களை மறந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார்.

அதே ஆண்டில் மென்பொருள் பக்கமிருந்தும் எச்சரிக்கை வந்தது. ஜான் பவர்ஸ், கிரஹாம் பட்டன், வெஸ் ஷராக் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஓர் அச்சுத் தொழில் நிறுவனத்தில் பணிப்பாய்வு மென்பொருள் புகுந்தபின் நடந்ததை ஆராய்ந்தார்கள். அச்சகத்தில் ஒரு வேலைக்கு மை காயும் நேரத்தில் இன்னொன்றைத் தொடங்குவது, அவசர வேலைக்காக ஓடுவதை நிறுத்துவது, அடுத்தவர் இயந்திரத்தை எட்டிப் பார்த்துத் தம் வேலையைத் திட்டமிடுவது எல்லாம் அன்றாடம். மென்பொருளோ ஒரு வேலை தொடங்கும், முடியும், பிறகே அடுத்தது தொடங்கும் என்று எதிர்பார்த்தது. தொழிலாளர்கள் வேலையைத் தங்கள் வழியில் முடித்துவிட்டு, பிறகு மென்பொருள் கேட்கும் வடிவில் பதிவை ஈடுகட்டினார்கள். விளைவு இரட்டை நட்டம்: வேலையும் தடைபட்டது, பதிவும் உண்மையைச் சொல்லவில்லை. தவறான பதிவிலிருந்து தவறான அறிக்கை, அதிலிருந்து தவறான முடிவு என்று இது மேலே மேலே போகும். விதிவிலக்குக்கு இடம் விட வேண்டும் என்பதற்கு ஊழியரின் வசதி ஒரு காரணம் என்றால், பதிவின் நேர்மை அதைவிடப் பெரிய காரணம்.

இதற்கிடையே பல நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டிய தேவை எழுந்தது. 1993-இல் பணிப்பாய்வு மேலாண்மைக் கூட்டமைப்பு உருவாகி, 1995-இல் டேவிட் ஹாலிங்ஸ்வொர்த் எழுதிய முன்மாதிரிக் கட்டமைப்பை வெளியிட்டது. நடுவே வேலையை இயக்கும் எஞ்சின். அதைச் சுற்றி வரைபடம் வரையும் கருவி, ஊழியரின் பணிப்பட்டியல், வெளி மென்பொருள்கள், பிற எஞ்சின்கள், நிர்வாகமும் கண்காணிப்பும் என ஐந்து இணைப்புகள். இன்று விற்கும் எந்தப் பொருளைத் திறந்து பார்த்தாலும் இந்த ஐந்து பகுதிகளும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

பெட்ரியின் கணிதம் இப்போது முழுப் பயனைத் தந்தது. நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990-களில், ஒரு பணிப்பாய்வு பழுதற்றது என்று சொல்ல மூன்று நிபந்தனைகளை வகுத்தார். எந்த நிலையிலிருந்தும் முடிவை எட்ட வழி இருக்க வேண்டும். முடியும்போது உள்ளே எச்சம் எதுவும் தங்கக் கூடாது. ஒருபோதும் நடக்க வாய்ப்பே இல்லாத செயல் வரைபடத்தில் இருக்கக் கூடாது. மூன்றையும் மென்பொருளை ஓட்டாமலே சரிபார்க்கலாம். இரண்டு கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் பின்னால், இரண்டும் முடியக் காத்திரு என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் என்றென்றும் அங்கேயே நிற்கும். புதியவர்கள் வரையும் படங்களில் அடிக்கடி காணப்படும் பிழை இதுவே. அவரும் ஆர்தர் டெர் ஹோஃப்ஸ்டெட் முதலிய துணைவர்களும் 2003-இல் வெளியிட்ட 20 பணிப்பாய்வு வடிவங்களின் பட்டியல், விற்பனையாளர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டு மென்பொருள்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட வழி செய்தது.

2000-களின் முதல் பாதி தரநிலைகளின் போட்டிக் காலம். ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் தனித்தனியே வைத்திருந்த மொழிகளை 2002-இல் இணைத்து பிபெல் என்ற மொழியை முன்வைத்தன. 2007-இல் அதன் இரண்டாம் பதிப்பு தரநிலையானது. இணையச் சேவைகளை அழைக்க அது நன்றாக உதவியது. ஆனால் ஒரு மனிதர் படிவத்தைப் பார்த்து ஒப்புதல் தருவது என்ற செயல் அதன் அடிப்படையில் இல்லை; அதைப் பின்னர்த் தனி இணைப்பாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அலுவலக வேலைக்கான மொழியில் அலுவலரே இல்லாமல் போனது சிறிய குறை இல்லை. 2004-இல் வந்த பிபிஎம்என் என்ற வரைகுறியீடு தொழில் அறிந்தவரும் நிரலரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச வழி செய்தது. முதலில் பிபிஎம்என்-இல் வரைந்து பிபெல்லுக்கு மாற்றி இயக்கினார்கள். மாற்றியபின் நிரலர் செய்த திருத்தம் படத்துக்குத் திரும்பாது. சில மாதங்களில் படம் ஒன்று, ஓடுவது வேறு என்றாகிவிடும். 2011-இல் வெளியான பிபிஎம்என் 2.0 வரைந்த படத்தையே நேரடியாக இயக்க இடம் தந்து இந்தப் பிளவை மூடியது. 2013-இல் அது பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலையும் ஆனது.

அந்தத் தரநிலை 500 பக்கங்களுக்கு மேல். அவ்வளவும் தேவையா? மைக்கேல் சுர் மூலனும் யான் ரெக்கரும் நடைமுறையில் இருந்த 120 பிபிஎம்என் படங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, குறியீடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே வழக்கமாகப் பயன்பட்டன. 2010-இல் யான் மென்ட்லிங், ஹாயோ ரைஜர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் மூவரும், எப்படிப்பட்ட படங்களில் பிழை மிகுகிறது, எவை வாசிப்போருக்குப் புரிவதில்லை என்ற ஆய்வுகளைத் தொகுத்து ஏழு வழிகாட்டிகளை எழுதினார்கள். கூறுகள் குறைவாக இருக்கட்டும். ஒரு கூறிலிருந்து கிளைகள் குறைவாகப் பிரியட்டும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. பிரிந்த கிளை அதே வகையில் சேரட்டும். ஒன்றோ பலவோ என்று தெளிவில்லாத கிளைப்பிரிவைத் தவிர்க்கவும். செயலின் பெயர் விண்ணப்பத்தைச் சரிபார் என்பதுபோல் பொருளும் வினையுமாக அமையட்டும். கூறுகள் ஐம்பதைத் தாண்டினால் படத்தைப் பிரிக்கவும். இவை அழகுணர்ச்சியால் சொன்னவை அல்ல. நூற்றுக்கணக்கான படங்களில் பிழைகளை எண்ணிப் பார்த்தபின் வந்தவை என்பதால்தான் இன்றும் நிற்கின்றன.

உருவாக்குவதைவிட நடத்துவது கடினம் என்பது எஞ்சின்கள் சில ஆண்டுகள் ஓடியபின் தெரிந்தது. ஒரு வீட்டுக் கடன் விண்ணப்பம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குள் விதி மாறும். நடுவழியில் இருக்கும் விண்ணப்பங்களை என்ன செய்வது? ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் மான்ஃப்ரெட் ரைஷெர்ட்டும் பீட்டர் டாடமும் 1990-களின் இறுதியிலேயே இக்கேள்வியை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை எப்போது பழுதில்லாமல் மாற்றலாம் என்பதற்கு விதிகள் தந்தார்கள். ஏற்கெனவே கடந்துவிட்ட பகுதியில் புதிய செயலை நுழைக்க முடியாது என்பது அவற்றின் சாரம். நடைமுறையில் நிலைத்த வழக்கம் இது: தொடங்கிய விண்ணப்பம் தொடங்கிய பதிப்பிலேயே முடியும், புதியவை புதிய பதிப்பில் ஓடும், சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டும் பழையவற்றின் ஒவ்வொரு நிலைக்கும் புதிய பதிப்பில் இணையான நிலையைக் குறித்துக்கொண்டு அவற்றை மாற்றுவது.

நீண்ட வேலையில் இன்னொரு சிக்கல் பின்வாங்குவது. பணம் போய்விட்டது, அடுத்த படி தோற்றது என்றால் தரவுத்தளத்தில் செய்வதுபோல் நடந்ததை நடக்காததாக ஆக்க முடியாது. பிரின்ஸ்டனில் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை சொன்னது: ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். பணம் அனுப்புவதற்கு எதிர்ப்படி பணத்தைத் திரும்பப் பெறுதல். பிபெல்லும் பிபிஎம்என்னும் இந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. இதையொட்டி வேறு சில ஒழுங்குகளும் படிந்தன. வெளிச் சேவையை இரண்டு முறை அழைக்க நேர்ந்தாலும் பணம் ஒருமுறைதான் போக வேண்டும். எஞ்சினுக்குள் விண்ணப்ப எண்ணையும் முடிவுக்கு வேண்டிய சில விவரங்களையும் மட்டும் வைத்து, மற்றதை அதற்குரிய தரவுத்தளத்திலேயே விட வேண்டும். காத்திருக்கும் எந்தப் படிக்கும் ஒரு காலக்கெடுவும், கெடு தாண்டினால் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வட்டி விகிதம், தகுதி வயது போன்றவற்றைப் படத்துக்குள் கிளைகளாக வரைந்தவர்கள் ஒவ்வொரு அரசாணைக்கும் படத்தைத் திருத்தி அலுத்தார்கள். அவற்றைத் தனி முடிவு அட்டவணைகளாகப் பிரிக்க டிஎம்என் என்ற தரநிலை 2015-இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன் வந்த சிஎம்எம்என், மருத்துவமனை, சமூகநலம் போன்ற துறைகளில் வரிசை முன்கூட்டியே தெரியாத வேலைகளுக்கானது. அடுத்து என்ன என்று வரைபடம் சொல்வதற்குப் பதிலாக, எவற்றையெல்லாம் செய்யலாம் என்று பட்டியலிட்டு ஊழியரின் தீர்ப்புக்கு விடும். கருத்து நல்லது; ஆனால் பரவவில்லை, சில எஞ்சின்கள் அதைப் பின்னர்க் கைவிட்டன.

திறந்த மூல எஞ்சின்கள் இந்த அறிவைச் சிறு நிறுவனங்களுக்கும் கொண்டுவந்தன. டாம் பாயென்ஸ் தொடங்கிய ஜேபிபிஎம், பிறகு 2010-இல் ஆக்டிவிட்டி, அதிலிருந்து 2013-இல் பிரிந்த பெர்லினின் கமுண்டா, 2016-இல் பிரிந்த ஃப்ளோயபிள் என்று ஒரு குடும்பமே வளர்ந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்கள் தாங்களே படிவமும் வழியும் அமைக்கும் வகையிலான பொருள்களும் வந்தன. சென்னையின் ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் அந்த வகையில் உருவாக்கிய கிஸ்ஃப்ளோ உலகச் சந்தைக்குப் போயிற்று.

வரைந்து இயக்குவதில் இருந்த கவனம் கடைசியாக, நடந்ததைப் படிப்பதற்குத் திரும்பியது. ஐபிஎம்மின் ராகேஷ் அகர்வால், திமித்ரியோஸ் குனோபுலோஸ், ஃபிராங்க் லைமன் மூவரும் 1998-இல், எஞ்சின் விட்டுச்சென்ற பதிவுகளிலிருந்து வரைபடத்தைத் தானாக வரைவிக்கும் முறையை வெளியிட்டார்கள். வான் டெர் ஆல்ஸ்ட் குழுவினர் 2004-இல் ஆல்ஃபா என்ற படிமுறையைத் தந்தனர். ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் புரோம் என்ற இலவசக் கருவி அதை மாணவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. மியூனிக்கில் 2011-இல் தொடங்கிய செலோனிஸ் இதைப் பெருந்தொழிலாக்கியது. பதிவிலிருந்து வரையும் படத்தைப் பார்க்கும் நிர்வாகிகள் பெரும்பாலும் அதிர்கிறார்கள். ஒரே நேர்கோடு என்று நினைத்த கொள்முதல் வழி நூற்றுக்கணக்கான கிளைவழிகளாகத் தெரியும். அந்த அதிர்ச்சியில் எல்லாக் கிளைகளையும் பூட்டி அடைக்கத் துணிவது தவறு. ஒரு கிளை ஊழலாக இருக்கலாம், இன்னொன்று விதி எழுதியவர் அறியாத ஒரு தேவையை ஊழியர் நிறைவேற்றும் வழியாக இருக்கலாம். எது எது என்று பதிவு சொல்லாது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இதைக் கற்க விரும்புவோருக்கு உண்மையான பதிவுகளே கிடைக்கின்றன. 2011-இல் தொடங்கிய ஆய்வுப் போட்டிகளுக்காக நிறுவனங்கள் பெயர்களை நீக்கிய பதிவுகளைத் திறந்து கொடுத்துள்ளன. 2012 போட்டிக்கு நெதர்லாந்தின் நிதி நிறுவனம் ஒன்று கொடுத்த தொகுப்பில் 13,087 கடன் விண்ணப்பங்களின் 2,62,200 நிகழ்வுகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பொறியியல், வணிகவியல் மாணவர்கள் மென்பொருள் வாங்குவது பற்றிய விளம்பரங்களைப் படிப்பதற்கு முன் இந்தத் தொகுப்பை எடுத்து, ஒரு விண்ணப்பம் எந்த இடத்தில் எவ்வளவு நாள் காத்திருந்தது என்று தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.